மலையோரப் பக்கம்

இதை நீங்கள் நம்பியே ஆகவேண்டும் என்று நான் கேட்கப் போவதில்லை. இன்னொருத்தி வந்து என்னிடம் இதையே சொல்லியிருந்தால், பாவம், நடந்த களைப்பில் தலை சுற்றியிருக்கிறது, கூடவே ஊருக்குக் கிளம்பும் கவலை வேறு என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு வெளியே நன்றாகத் தலையாட்டியிருப்பேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான். திருவண்ணாமலையில் வளர்ந்தவளுக்கு இந்த மாதிரிக் கதைகளுக்குப் பஞ்சமே கிடையாது. மலை உச்சியில் வெளிச்சம் நகர்ந்தது, நாய் ரூபத்தில் சித்தர் வந்தார், காற்றில் விபூதி வாசம் வந்தது என்று எங்கள் ஊரில் டீக்கடைக்கு ஒரு கதை உண்டு. நான் எல்லாவற்றுக்கும் சிரிப்பேன். சித்தர் நாயாக வந்தால் பிஸ்கட்தானே கேட்பார், மோட்சமா கொடுப்பார் என்று கேட்டு அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த அம்மாவோடு போனபோதுதான் இது நடந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்களில் ஒன்று. அப்பாவுக்குக் கலெக்டர் ஆபீஸில் வேலை, வேங்கிக்காலில் புதுவீடு, பூர்வீகம் கீழ்பென்னாத்தூர் பக்கம். மல்லாட்டை போடுகிற குடும்பம், எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். அந்தக் குடும்பத்திலிருந்து நான் ஜெர்மனிக்குப் போய்த் தண்ணீர் சுத்திகரிப்பு சம்பந்தமாக மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா இதைச் சொல்லாத ஆள் கிடையாது. ஆபீஸ் கேன்டீனில் டீ ஊற்றுகிறவர்கூட என்னைப் பார்த்தால், அங்கே இப்போது பனி நின்றுவிட்டதா என்று விசாரிப்பார்.

வெளிநாட்டில் படிக்கிறாள் என்றால் இங்கே எல்லாரும் என்னவோ நினைத்துக்கொள்கிறார்கள். நான் இருந்தது ஒரு சின்ன ஊர், ஒரு பழைய மாணவர் விடுதி. மாடி முழுவதற்கும் ஒரே சமையலறை. நான் கடுகு தாளித்தால் பக்கத்து அறைப் பெண் ஒரு வார்த்தை பேச மாட்டாள், வந்து ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போவாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். அதனால் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் திருடி மாதிரி ரசம் வைப்பேன். சனி ஞாயிறுகளில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை. குளிர்காலத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இருட்டிவிடும். சில நாள் காலையிலிருந்து படுக்கப் போகும்வரை நான் வாய் திறந்து பேசியது கடைக்காரியிடம் சொன்ன நன்றி மட்டுமாக இருக்கும். விடுதியின் அடியில் துணி துவைக்கும் அறை ஒன்று இருந்தது. அங்கே வெதுவெதுப்பாக இருக்கும், இயந்திரங்கள் எப்போதும் உருண்டுகொண்டே இருக்கும், அழுதால் யாருக்கும் கேட்காது. துவைக்கத் துணி இல்லாத நாளிலும் நான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அம்மா சாப்பிட்டாயா என்பாள், நான் சாப்பிட்டேன் என்பேன், போன் கார்டில் காசு தீர்ந்துபோகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பின்னால் வரப்போவதற்கு அதுதான் காரணம். அங்கே எல்லாமே வலதுபக்கம். வண்டியும் வலது, மனுஷனும் வலது. போன புதிதில் ஆற்றங்கரைப் பாதையில் நம் ஊர்ப் பழக்கத்தில் இடதுபக்கமாக நடந்துவிட்டேன், சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் மணியடித்து நிறுத்தி, மூச்சு விடாமல் ஒரு பெரிய வாக்கியம் சொல்லித் திட்டினார். அதில் எனக்குப் புரிந்தது வலது என்ற ஒரு வார்த்தைதான். அன்றிலிருந்து என் உடம்பு தானாக வலது ஓரம் ஒதுங்கக் கற்றுக்கொண்டது, படிக்கட்டில், நடைபாதையில், விடுதித் தாழ்வாரத்தில்கூட. வலது ஓரமாகப் போனால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. அதில் ஒரு நிம்மதி இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வருடம் மாசி மாதம் மூன்று வாரம் ஊருக்கு வந்திருந்தேன். ஒரு பாடத்தில் இரண்டு தடவை தோற்றிருந்தேன். அங்கே மூன்றாவதுதான் கடைசி. அதிலும் தோற்றால் படிப்பு முடிந்தது, படிப்பு போனால் விசாவும் போய்விடும். திரும்பிப் போனதும் அந்தப் பரீட்சை. வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியும்படி சொல்ல இடமும் இல்லை, தினமும் யாராவது ஜெர்மனிப் பெண்ணைப் பார்க்க வந்துகொண்டே இருந்தார்கள். நான் போகவில்லை அம்மா, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்ற ஒரே ஒரு வாக்கியம் மூன்று வாரமும் என் தொண்டையில் நின்றது. வாயெடுக்கும்போதெல்லாம் வாசலில் ஒரு சொந்தக்காரர் செருப்பைக் கழற்றுவார். போகவும் பயம், இருக்கவும் வழியில்லை. என் சொந்த வீட்டில் எலிப்பொறிக்குள் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்து, வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள், கிரிவலம் போய்விட்டு வந்துவிடலாம், நாம் இரண்டு பேர் மட்டும் என்றாள் அம்மா. அவளுக்கு முட்டிவலி. மலையைச் சுற்றி முழுத் தூரமும் நடக்க முடியுமா என்று அப்பா கேட்டதற்கு, நான் மெதுவாக நடந்துகொள்கிறேன், நீங்கள் வேலையைப் பாருங்கள் என்றுவிட்டாள். பௌர்ணமி இல்லை, விசேஷம் இல்லை, சாதாரண வார நாள். வெயில் தாழ்ந்தபின் ராஜகோபுரத்திலிருந்து வெறுங்காலோடு புறப்பட்டோம்.

ரோட்டில் நான்கு அடி வைத்ததுமே அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"லெப்ட்லயே வா வளரு. மலையோரமாப் போவாத."

"ஏன், அங்க இன்னா இருக்கு?"

"அது அவங்க நடக்கிற பக்கம். கண்ணுக்குத் தெரியாம எப்பவும் நடந்துக்கினே இருக்காங்க. நாம எதுக்குக் குறுக்க போவணும்?"

ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மலையை வலதுகைப் பக்கம் வைத்துச் சுற்ற வேண்டும், மலையை ஒட்டிய ஓரத்தைச் சித்தர்களுக்கு விட்டுவிட்டு நாம் ரோட்டின் இடது ஓரமாக நடக்க வேண்டும். இன்றைக்குப் பௌர்ணமிகூட இல்லையே, அவங்களுக்கு லீவு விட்டிருப்பாங்க என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

செங்கம் ரோட்டில் போகும்வரை அம்மா இன்னும் இரண்டு மூன்று தடவை என்னை இடதுபக்கம் இழுத்துவிட்டாள். என்ன செய்வது, கால் தானாக வலது ஓரம் போனது. எதிரே ஒரு வெள்ளைக்காரப் பெண் காட்டன் சேலையைத் தாறுமாறாகக் கட்டிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு, முகமெல்லாம் சந்தோஷமாகப் போனாள். இவள் நிம்மதியைத் தேடி இங்கே வந்திருக்கிறாள், நான் இவள் ஊருக்குப் போய்த் துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு நான் கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான்.

செங்கம் ரோட்டை விட்டுப் பாதை மலைப்பக்கம் திரும்பியதும் பஸ் சத்தம் அடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் மரம். கிரிவலப் பாதையிலுள்ள எட்டு லிங்கங்களில் ஒன்றான நிருதி லிங்கத்தில் அம்மா கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தாள், திரும்ப நடந்தோம். ஆள் நடமாட்டமே இல்லை. அந்த அமைதியில் எனக்கு அங்கேயுள்ள ஆற்றங்கரைப் பாதை ஞாபகம் வந்தது, அதைத் தொட்டுப் பரீட்சை ஞாபகம் வந்தது, எந்தக் கேள்வியில் விட்டேன் என்று யோசித்துக்கொண்டே நடந்திருக்கிறேன். எப்போது மலையோரத்துக்குப் போனேன் என்று எனக்குத் தெரியாது.

யாரோ என் தோளை உரசிக்கொண்டு போனார்கள்.

நான் ஒதுங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன், அதுவும் ஜெர்மனில். என்ட்ஷுல்டிகுங் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அண்ணாமலையார் ஊரில் சித்தரிடம் ஜெர்மனில் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. காற்று என்று நினைப்பதற்குள் இந்தப் பக்கத் தோளில் ஒரு இடி. பிறகு முதுகில். பிறகு எனக்கு முன்னால் யாரோ நடக்கிற மாதிரி, நான் கொஞ்சம் வேகமாக வைத்தால் அவர் குதிகாலில் என் விரல் படுகிற மாதிரி. நேராகப் பார்த்தால் ரோடும் மரமும் மலையும்தான். ஆனால் கையை நீட்ட இடமில்லை. நம்பினால் நம்புங்கள், வெளிச்சம் இருக்கும்போதே, காலியான ரோட்டில், நான் ஒரு பெரிய கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

காலை நேரத்து டிராமில் போயிருக்கிறீர்களா? அங்கே நான் தினமும் போவேன். எல்லாரும் எல்லாரையும் இடித்துக்கொண்டு நிற்பார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். அந்தக் கூட்டமும் அப்படித்தான் இருந்தது. மிரட்டவில்லை, பிடிக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. நடந்துகொண்டே இருந்தது. நான் அதற்குள் இருக்கிறேன் என்பதே அதற்குத் தெரியாது. நிற்கப் பார்த்தேன், பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனது. உட்காரப் பார்த்தேன், முட்டியை மடக்க இடமில்லை. இடதுபக்கம் ஒரு அடி எடுத்து வைக்கப் போனால் அங்கே ஒரு தோள், அதைத் தாண்டி இன்னொரு தோள்.

இடதுபக்கம் அம்மா போய்க்கொண்டிருந்தாள். அம்மா என்று கத்தினேன். என் குரல் என் காதுக்கு நன்றாகக் கேட்டது. ரோட்டின் அந்த ஓரத்துக்கும் இந்த ஓரத்துக்கும் என்ன தூரம், எட்டிப் பிடித்துவிடலாம். அம்மா திரும்பவே இல்லை. தொண்டை கிழியக் கத்தினேன். சைக்கிளில் பால்கேனோடு ஒருவர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் போனார், அவரும் திரும்பவில்லை.

அப்போதுதான் அம்மாவைச் சரியாகப் பார்த்தேன். அவள் பேசிக்கொண்டு நடந்தாள். அவளுடைய இடது கை உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி, விரல்கள் லேசாக மடங்கி, யாருடைய கையையோ பிடித்திருப்பது போல இருந்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. அந்த இல்லாத ஆளின் முகத்தைப் பார்த்து அம்மா தலையசைத்தாள், என்னவோ கேட்டாள், பதிலுக்குக் காத்திருந்தாள், பிறகு சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்து வருடக்கணக்கில் ஆகியிருந்தது.

எனக்கு உயிரே போனது அங்கேதான். கூட்டத்தில் சிக்கியது பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் காணாமல் போயிருக்கிறேன், என் அம்மா என்னைத் தேடவில்லை. தேட வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை.

அடி அண்ணாமலை வரும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. அங்கே ஊர் இருக்கிறது, கடைகள் இருக்கின்றன, யாராவது என்னைப் பார்த்துவிடுவார்கள் என்று நம்பியிருந்தேன். ஒரு நாய் மட்டும் என்னைப் பார்த்தது, உடனே எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. கூடையோடு கூடவே நடந்துவந்த ஒரு பூக்காரம்மாவிடம் அம்மா மல்லி வாங்கினாள். ஒரு துண்டைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு இடதுபக்கம் திரும்பி, என் உயரத்துக்குக் கையைத் தூக்கி, காற்றில் வைத்துவிட்டாள். கையை எடுத்தபோது கையில் பூ இல்லை, கீழேயும் விழவில்லை. பூக்காரம்மா என் அம்மாவையும் அந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னாள். அம்மாவும் பெண்ணும் ஒரே ஜாடை என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் சொல்வதுதான்.

அதன்பின் நான் கத்தவில்லை. தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்தன. நாளைக் காலையில் கார் வரும், அப்பா பெட்டியைத் தூக்கி வைப்பார், அம்மாவோடு நடக்கிறவள் போவாள் அல்லது போகாமல் இருப்பாள், எதுவானாலும் நான் இங்கே நடந்துகொண்டிருப்பேன் என்று நினைத்தேன். இதைச் சொல்லத்தான் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. அந்த நடை எனக்குப் பழகிக்கொண்டு வந்தது. வெறுங்காலில் இவ்வளவு தூரம் நடந்தும் கால் வலிக்கவில்லை. பரீட்சை இல்லை. யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. ஓரமாக, யாருக்கும் தெரியாமல், எல்லாரோடும் சேர்ந்து போய்க்கொண்டே இருக்கலாம். இரண்டு வருடமாக நான் செய்துகொண்டிருந்தது இதுதானே. இப்படியே போனால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது, அந்த நினைப்பே என்னைப் பயமுறுத்தியது. அண்ணாமலையாரே, என்னை அம்மாவிடம் விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டேன். நான்தான் வேண்டிக்கொண்டேன், நாய்க்கு பிஸ்கட் கதை பேசினவள்.

குபேர லிங்கத்தை நெருங்கும்போது அம்மா நின்றாள். அந்தப் பக்கம் திரும்பி, கேட்டுக்கொண்டே நின்றாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் கன்னம் ஈரமாக இருந்தது தெரிந்தது. அவள் நின்றிருக்க நான் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன், கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அம்மா ரொம்ப நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு கையைத் தூக்கிக் காற்றில் ஒரு கன்னத்தைத் தடவினாள். ஏதோ சொன்னாள். சின்ன வாக்கியம்தான். சொல்லிவிட்டுக் கையை இறக்கினாள்.

டிராமில் கதவு திறந்தால் நம்மை அமுக்கிக்கொண்டிருந்த பாரம் சட்டென்று விலகும் பாருங்கள், அப்படி விலகியது. நான் ரோட்டைக் குறுக்கே தாண்டி ஓடிவந்து அம்மாவின் காலடியில் முட்டி தேய விழுந்தேன்.

"பாத்து வாடி," என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இப்பத்தான கைய உட்ட. அதுக்குள்ள உழுந்துட்டியா."

மீதி வழி முழுக்க நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ரோட்டின் இடது விளிம்பில், சாக்கடையில் விழுந்தாலும் பரவாயில்லை என்று நடந்தேன். நடந்ததை நான் சொல்லவில்லை, சொன்னால் பைத்தியம் என்று முடிவு கட்டிவிடுவாள் என்று பயம். வீட்டுக்கு வந்து குழாயடியில் கால் கழுவினோம். அம்மாவின் பாதம் தார் ரோட்டின் கறுப்பெல்லாம் அப்பிக்கொண்டு வெடித்துக் கிடந்தது. என் பாதத்தில் லேசான தூசி மட்டும்தான், மலையை முழுக்கச் சுற்றிய பாதம் மாதிரியே இல்லை. அம்மா கவனிக்கவில்லை, என் தலையைத்தான் பார்த்தாள். பூ எங்கே என்று கேட்டாள். வழியில் விழுந்திருக்கும் என்றேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா கூடத்தில் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே, அவருக்குக் கேட்காதபடி தணிந்த குரலில் பேச ஆரம்பித்தாள்.

"இனிமே அந்தத் துணி தொவைக்கிற ரூமுக்குப் போயி உக்காந்து அழுவாத வளரு. எனக்குத் தாங்கல."

நான் சட்டென்று கூடத்துப் பக்கம் பார்த்தேன், அப்பா டிவியில்தான் இருந்தார்.

"பக்கத்து ரூம் பொண்ணு ஜன்னலத் தொறந்தா தொறக்கட்டும், நீ ரசம் வெச்சி சாப்புடு. அந்தப் பரீட்சை மூணாவது வாட்டியும் போச்சின்னா போவட்டும், நேரா வீட்டுக்கு வா. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"நான் எப்பம்மா இதெல்லாம் சொன்னேன்?"

"எப்பவா? வழி பூரா இதத்தான சொல்லிக்கினு வந்த." அம்மா என் இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "போவலம்மா, இங்கயே இருந்துடட்டுமானு கேட்ட இல்ல, எனக்கு இருன்னு சொல்லத்தான் வாய் வந்துது. நாளைக்கு நீயே நொந்துக்குவன்னு, போயி முடிச்சிட்டு வாடின்னு சொல்லிட்டேன். அதுக்கு உனக்குக் கோவம்தான? பட்டுனு கைய உட்டுட்டியே."

எந்த இடத்தில் கேட்டேன் என்று கேட்டேன். குபேர லிங்கத்தாண்ட என்றாள்.

அன்று நான் தூங்கவில்லை. அம்மாவை ஒட்டிப் படுத்துக்கொண்டு ஒன்றையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவளோடு நடந்தது யார் என்று இல்லை, அது எனக்குத் தெரியப் போவதில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இருந்துவிடட்டுமா என்று அவள் கேட்டாள், அம்மா போ என்றாள், அவள் போய்விட்டாள், நான் வந்தேன். அம்மா இரு என்று சொல்லியிருந்தால்?

மறுநாள் கார் வந்தது, போனேன். பரீட்சையில் தேறிவிட்டேன். எப்படித் தேறினேன் என்றால், தோற்றாலும் வீட்டுக்கு வரலாம் என்று ஒரு ஆள் சொல்லிவிட்டாளே, அந்தத் தெம்பில்தான். அந்தத் தெம்பை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் யாரோ. மூன்று வாரம் என் தொண்டையில் நின்றதை ஒரே நடையில் சொல்லி முடித்துவிட்டுப் போயிருக்கிறாள். அவளுக்கு நன்றி சொல்வதா, பயப்படுவதா என்று இத்தனை வருடத்தில் எனக்கு விளங்கவில்லை.

அங்கேயே வேலை கிடைத்தது, அங்கேயே தங்கிவிட்டேன். அப்பா காலமான பிறகு அம்மா வேங்கிக்கால் வீட்டில் தனியாக இருக்கிறாள். கூட வந்துவிடு என்றால், அந்தக் குளிர் எனக்கு ஒத்துக்காது என்கிறாள். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். ஒருமுறை அம்மா சொன்னாள், இது கிரிவலத்தன்றைக்கு நீ பிடித்த மாதிரி இல்லை, அன்றைக்கு உன் கை அப்படி ஜில்லென்று இருந்தது, அந்த ஊர்க் குளிர் உன்னை விட்டுப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் என்ன இறுக்கமாகப் பிடித்திருந்தாய் தெரியுமா என்று. போன தடவை நான் கிளம்பும்போது அவளே ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு நான் இருன்னு சொல்லியிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன். இன்னொரு வாட்டி நீ கேட்டீன்னா, கண்டிப்பா இருன்னுதான் சொல்லுவேன்."

அந்த இன்னொருத்தி காதில் விழுந்துவிடுமோ என்று நான் பாய்ந்து அம்மாவின் வாயைப் பொத்தினேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இங்கே இருக்க எனக்கு இஷ்டமில்லை என்று எடுத்துக்கொண்டாள். இல்லை என்று எப்படிச் சொல்வேன், எதைச் சொல்லிப் புரியவைப்பேன்.

முட்டிவலியோடு அம்மா இப்போது ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலம் போகிறாள். எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை. பௌர்ணமி அன்றைக்கு நான் அங்கே ஆபீஸில் ஒரு வேலையும் செய்வதில்லை. வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டே இருப்பேன். மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். அவள் இன்னும் நடந்துகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். அந்த நேரம் முழுக்க மேஜையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களிடம் எதையாவது கேட்டு, அவர்கள் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் அம்மா எடுப்பாள், மூச்சு வாங்கிக்கொண்டு.

"இப்பத்தான்டி வந்தேன்."

வழியில் கூட யாராவது வந்தார்களா, ஏதாவது கேட்டார்களா என்று கேட்பேன். ஒவ்வொரு முறையும் அதே கேள்விதான்.

"யாரு வரப் போறாங்க," என்பாள் அம்மா. "தனியாத்தான் போயிட்டு வந்தேன்."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருக்கும்.